மூச்சளவு, ஏழாம் அத்தியாயம்

மாதா துணை

தூத்துக்குடி,
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ஷெர்லின். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது. நீயும் ஈவாஞ்சலின் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? மெட்ராஸ் தண்ணீர் மதினிக்கு ஒத்துக்கொண்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் அப்பாவின் அலமாரிக்குள் இருக்கிறது. ஷிப்பிங் ஆபீஸ் வேலையும் போய்விட்டது. அடுத்த தெரு ஜாஸ்லின் அக்காவிடம் தையல் படிக்க மட்டும் விடுகிறார்கள். அவள் போனில் பேசலாமென்றால், அவள் மாப்பிள்ளை நம் வில்பிரட் சித்தப்பாவின் விசைப்படகில் போகிறவர். வீட்டுக்கு வந்ததும் யார் யாருக்குப் பேசினாள் என்று பார்ப்பாராம். காகிதமென்றால் வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம். பதிலை அவள் பெயருக்கே போடு, என்னிடம் வந்துவிடும்.

காரணத்தை அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். நான் கட்டிக்கொள்ள நினைப்பவர் பெயர் கிருபை. துறைமுகத்து கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறார். ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். நம்மைப் போல வேதக்காரர்தான். அங்கேயும் இதே பூசை, இதே மாதா. அதனால் மதத்தைக் காட்டி மறுக்க அப்பாவுக்கு வழியில்லை. "ஏளா, அவங்க வேற ஆளுக" என்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நாவல் தாள்களை வாசித்தேன். கடல் ஊரை முழுங்கி, இரும்புத் தட்டுகளை அடுக்கி அதன்மேல் ஜனங்கள் வாழ்வது நன்றாக இருக்கிறது. ஆனால் முந்நூறு வருஷம் கழித்தும் நாம் தட்டுத் தட்டாகத்தான் இருப்போம் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு நம் ஆட்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறந்த பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்து எந்தத் தட்டு, எத்தனை மணி நேரம் சுத்தமான காற்று என்று சொல்ல ஒரு மிஷின் வைத்திருக்கிறாய். அது எதற்கு? "நீ எந்தக் கோயில்?" என்று கேட்டால் போதாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கச்சி,
ஷெர்லின்


சென்னை,
2 ஏப்ரல் 2024

என் அன்புத் தங்கை ஷெர்லினுக்கு,

அண்ணன் ரெக்சன் நலம். உன் மதினியும் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

உன் கடிதத்தை இன்சூரன்ஸ் ஆபீஸில் என் மேசையிலேயே வைத்து மூன்று தடவை வாசித்தேன். என்ன ஒரு கை உனக்கு! 'நீ எந்தக் கோயில்' என்பதை அப்படியே நாவலில் எடுத்துக்கொண்டேன். கதையில் தட்டுக்கு ஒரு விளக்கு. மேல்தட்டுக் காவலன் கீழிருந்து வருகிறவர்களிடம், "எந்த விளக்கடி நீ?" என்று கேட்கிறான். வாசித்த நண்பர்கள் சிலிர்த்துப்போனார்கள்.

தலைப்பு முடிவாகிவிட்டது: 'மூச்சளவு'. மூன்றாம் தட்டுப் பெண் ஒருத்தி, கடலில் மூழ்கிச் செம்பு எடுக்கும் ஒன்பதாம் தட்டுக்காரனை விரும்புகிறாள். அவள் பெயர் நீரா. அந்தச் சமூகத்தையே கவிழ்க்கும் கலகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீ வாசிக்கும்போது யாரை நினைத்து எழுதினேன் என்று உனக்குப் புரியும்.

மற்ற விஷயத்தில் அவசரப்படாதே. அப்பாவின் மனசு ஐஸ் மாதிரி, இறுகியும் இருக்கும், இளகியும் விடும். நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்,
ரெக்சன்


மாதா துணை

தூத்துக்குடி,
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அப்பா, அம்மாவும் சுகம். உன் சுகமும் மதினி சுகமும் கடிதத்தில் கண்டு சந்தோஷம்.

ஐஸ் கம்பெனி வைத்திருப்பவரின் மகன் ஐஸைப் பற்றி இப்படி எழுதலாமா? அப்பாவின் ஐஸ் இளகுவதற்குள் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கிருபை அவர் ஊர்ச் சாமியிடம் பேசிவிட்டார். ஜூலையில் மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண ஓலையை வாசிப்பார். "இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று அங்கே வாசித்தால் நம் தெருவுக்குக் கேட்காது. நம் கோயிலில் வாசிக்காமலிருக்க ஆயரிடம் விலக்கு வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான். "பொண்ணு வீட்டுல இருந்து ஒரு ஆளாவது வந்து பக்கத்துல நிக்கணும். யாருமே இல்லன்னா நாளைக்கு உங்க கடற்கரை திரண்டு வந்து எங்க கோயிலத்தான் கேக்கும்."

அந்த ஒரு ஆள் நீதான். வேறு யாரிருக்கிறார்கள்? நான் தனியாகப் போனால் ஓடிப்போனவள். நீ கூட்டிப்போனால் அது கல்யாணம். நம் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாதா திருவிழா. அன்று சாயங்காலம் சப்பரம் வரும் நேரத்தில் வீட்டில் யாரும் யார் கண்ணிலும் படமாட்டார்கள். மறுநாள் காலை அங்கே பூசை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் எடுத்து வந்துவிடு, அண்ணா.

உன் தங்கச்சி,
ஷெர்லின்


சென்னை,
6 மே 2024

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். வெயில் தாங்கவில்லை. மதினிக்கு வேனல் கட்டி.

உன் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. நான் உன் பக்கம்தான். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

ஒன்று மட்டும் தெளிவாக எழுது. அந்தச் சப்பரக் கூட்டத்தில் ஒரு பெண் எப்படி வீட்டை விட்டு வெளியேறுவாள்? எந்தக் கதவு? என்ன உடுத்தியிருப்பாள்? யார் எங்கே நிற்பார்கள்? அண்ணன் எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும்? ஒன்று விடாமல் எழுது. அவளுடைய நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதையும் எழுது.

உன் அண்ணன்,
ரெக்சன்


மாதா துணை

தூத்துக்குடி,
12 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். மதினியின் கட்டிக்கு நுங்குத் தண்ணீர் தடவச் சொல்லு.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஜாஸ்லின் அக்காவைக் கட்டிக்கொண்டேன். இவ்வளவு நாளும் நீ வரமாட்டாயோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அது போய்விட்டது.

சப்பரம் தெரு முனைக்கு வந்ததும் அம்மாவும் சித்தியும் மெழுகுதிரியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்பாவும் சித்தப்பாவும் சப்பரத்துக்கு முன்னால் நடப்பார்கள். அந்த இடத்தை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐஸ் கம்பெனிக்கு அன்று லீவு. வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கம்பெனிக்குள் போய், பார் ஐஸைச் சறுக்கி விடும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்துவிடலாம். மதினி விட்டுப்போன சாம்பல் நிற முக்காடு என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிற யாரோ ஒருத்தி என்று நினைப்பார்கள். பேண்டுக்காரர்கள் பின்னாலேயே நடந்து, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வந்துவிடுவேன். நீ அங்கே ஆட்டோவோடு நில்.

நெஞ்சு எப்படி அடிக்கும் என்று கேட்டிருக்கிறாய். அது எதற்கு உனக்கு? நிறைய அடிக்கும்.

டிக்கெட் எடுத்துவிட்டாயா? திருவிழா சமயம், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உன் தங்கச்சி,
ஷெர்லின்


தூத்துக்குடி,
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜாஸ்லின் அக்கா தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். அடுத்த மாதம் ஓலை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். டிக்கெட் எடுத்தாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஷெர்லின்


சென்னை,
29 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரவும் பகலும் எழுத்துதான்.

சந்தோஷமான செய்தி. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் ஒரு பத்திரிகை கேட்டு வாங்கியிருக்கிறது. ஜூலை இதழில் வருகிறது. "இதுவரை நீங்கள் எழுதியதிலேயே உயிருள்ள அத்தியாயம்" என்றார் ஆசிரியர். உன் பங்கு அதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு எழுது.

மற்றதை நேரில் பேசுவோம்.

உன் அண்ணன்,
ரெக்சன்


மாதா துணை

தூத்துக்குடி,
22 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு கூடியிருக்கிறது. மற்றபடி சுகம்.

உன் அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை, காதால் கேட்டேன். வெள்ளிக்கிழமை வில்பிரட் சித்தப்பா பத்திரிகையோடு வந்தார். தெருவில் ஏற்கெனவே எல்லோருக்கும் போன் வழியாகப் போய்விட்டதாம்.

"அண்ணே, உம்ம மவன் கதை எழுதிருக்கான். ஒம்பது தட்டாம். நம்மள எத்தனாவதுல வச்சிருக்கான்னு பாரும்."

"முத தட்டுதான?" என்றார் அப்பா.

"மூணாவது. படகு விடுதவன் மூணாந்தட்டுன்னு போட்டிருக்கு. அது நாமதான, வேற யாரு?"

"மூணாவதா? அப்போ முதல்ல எவன வச்சிருக்கான்?"

இதிலேயே ரொம்ப நேரம் போனது. முதல் தட்டு எந்தத் தெருக்காரர்கள், இரண்டாவது எந்த ஊர்க்காரர்கள் என்று இரண்டு பேரும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பார்த்தார்கள். தட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

பிறகு சித்தப்பா மேலே வாசித்தார். விளக்கு நாள் ஊர்வலம். முன்னால் நடக்கும் பெரியவர்கள். குளிர்க்கிடங்கின் சின்னக் கதவு. சாம்பல் நிற முக்காடு. வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நடந்து, கீழ்வாசலில் காத்து நிற்கும் அண்ணன் ஆழியனிடம் போகிற நீரா. சித்தப்பாவின் குரல் போகப் போக மெதுவானது. "முந்நூறு வருஷம் கழிச்சு நடக்குற கதைங்கான். ஊர்வலம் மட்டும் நம்ம சப்பரம் போற ரோட்டுலல்லா போவுது" என்றார். அப்புறம் எழுந்து பின்னால் போய் ஐஸ் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். அம்மா என் பெட்டியைத் திறந்து மதினியின் முக்காட்டை எடுத்துப்போனாள்.

சனிக்கிழமை யார்டு வாசலில் வைத்துக் கிருபையை நான்கு பேர் அடித்தார்கள். வலது கை ஒடிந்துவிட்டது. ஜாஸ்லின் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா உனக்குப் போன் செய்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ பேசியது கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, "அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம். சும்மா கதைக்கு எழுதுனானாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

இருக்கட்டும். பயத்தில் சொல்லியிருப்பாய். ஐந்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கிருபை கட்டுப் போட்ட கையோடு இருக்கிறார், ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. அண்ணா, பூட்டு பின்கதவுக்குத்தான். நீ முன்வாசல் வழியாக வா. எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக் கூட்டிப்போ. நீ மூத்த மகன், உன்னைத் தொட மாட்டார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் பஸ்ஸில் வா. நான் வாசலிலேயே இருப்பேன்.

உன் தங்கச்சி,
ஷெர்லின்


சென்னை,
3 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். மதினிக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள்.

ஆகஸ்டில் வர முடியவில்லை. ஆபீஸில் ஆடிட். அதோடு ஈவாஞ்சலினுக்குக் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். நான் இதில் முன்னால் நின்றேன் என்று கடற்கரையில் பேச்சு வந்தால் அவர்களுக்கு யார் வருவார்கள் என்று மாமியார் அழுதார்கள். எனக்கு எல்லாப் பக்கமும் இடி.

கிருபை திருப்பூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்படுகிறேன். ஆனால் எழுதுகிறவன் எங்கிருந்துதான் எடுப்பான் சொல்லு. பார்த்ததிலிருந்தும் கேட்டதிலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

நாவலை முடித்துவிட்டேன். நீரா தப்பிவிடுகிறாள். கலகம் வெல்கிறது. உனக்காகத்தான் அப்படி முடித்தேன். என்னால் செய்ய முடிந்தது அது.

பதில் எழுது.

ரெக்சன்


மாதா துணை

தூத்துக்குடி,
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை ஷெர்லின் எழுதுவது. நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமும் மதினியின் நலமும் அறிய விரும்புகிறோம்.

எனக்கும் மணப்பாடு மெல்வின் என்பவருக்கும் வருகிற ஜனவரி இருபதாம் தேதி நம் கோயிலில் திருமணம். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். நல்ல குடும்பம். நம்ம ஆட்கள். பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறோம். தாங்களும் மதினியும் ஒரு வாரம் முன்பாகவே வந்து, மூத்த பிள்ளையாக நின்று எல்லாவற்றையும் நடத்தித் தர வேண்டும்.

அப்பா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதையும் எழுதச் சொல்கிறார்.

தங்கள் தங்கை,
ஷெர்லின்


சென்னை,
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் அத்தை அவர்களும் நலம்தானே?

உன் கல்யாணம் கண்ணிலேயே நிற்கிறது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ திரும்பிப் பார்த்தாயா என்று தெரியவில்லை.

'மூச்சளவு' வந்துவிட்டது. தனிப் பார்சலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். சாதிக்கு எதிராக இப்படியொரு அறிவியல் கதை தமிழில் வந்ததில்லை என்று இங்கே பேசுகிறார்கள். முதல் பக்கத்தில் 'என் தங்கைக்கு' என்று போட்டிருக்கிறேன். சித்தப்பா சொன்ன ஒரு திருத்தத்தையும் செய்தேன். படகு விடுகிறவர்களை முதல் தட்டுக்கு மாற்றிவிட்டேன். கதைக்கு அதனால் பாதகமில்லை. அவரும் மனம் குளிர்ந்து நூறு பிரதி வாங்குகிறார். அப்பாவுக்கும் இப்போது பெருமைதான்.

மார்ச் கடைசி ஞாயிறு தூத்துக்குடியிலேயே வெளியீட்டு விழா. முதல் பிரதியை நீதான் மேடையில் வாங்க வேண்டும். மாப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டேன். தாராளமாகப் போகட்டும் என்றார். உன் வாயால் ஒரு பதில் வேண்டும்.

உன் அண்ணன்,
ரெக்சன்


மாதா துணை

மணப்பாடு,
11 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அத்தையும் சுகம். இவர் கப்பலில் இருக்கிறார், ஞாயிறுதோறும் பேசுவார். நல்ல மனிதர். என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. நீங்களும் மதினியும் சுகம்தானே?

இப்போது என்னிடம் போன் இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் உடனே ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புத்தகத்தை வாசித்தேன். ஏழாம் அத்தியாயத்தை இரண்டு தடவை. நீரா கீழ்வாசலுக்கு வரும்போது ஆழியன் அங்கே நிற்கிறான். எத்தனை நாளானாலும் நின்றிருப்பேன் என்கிறான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கும் போகமாட்டேன் என்று தெரிந்ததால் யாரும் தடுக்கவில்லை. சப்பரம் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் நடந்து போனார்கள். அம்மா என் கையில் ஒரு மெழுகுதிரி கொடுத்தாள். பேண்டுக்காரர்களும் கடந்து போனார்கள். தெருவைக் கூட்டி முடிக்கும்வரை இருந்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டேன். மறுநாள் காலை கிருபையின் ஊர்ச் சாமி பூசை உடுப்போடு ரொம்ப நேரம் நின்றிருந்தாராம். கிருபையின் அம்மா ஜாஸ்லின் அக்காவிடம் சொன்னார்களாம்.

கல்யாணத்தன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் கை வேர்த்திருந்தது. வாசலிலிருந்து பீடம் வரை நடக்கும்போது எனக்கு ஒரே நினைப்புதான். ஓட்டப்பிடாரத்துக் கோயில் சின்னது, அங்கே இதில் கால்வாசிகூட நடக்க வேண்டியிருந்திருக்காது. பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்வினின் கையில் என் கையைக் கொடுத்தீர்கள். சாமி சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டதும் முதல் ஆளாகப் போய்ப் போட்டீர்கள்.

உங்கள் மேல் கோபம் வர வேண்டுமென்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் சரி என்று வாயில் வந்துவிடுகிறது. அத்தை இதைப் பார்த்து என்னைப் பொறுமைசாலி என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள்.

விழாவுக்கு வருகிறேன். அத்தை கூட்டி வருவார்கள். என்ன சேலை என்று மதினியைச் சொல்லச் சொல்லுங்கள். மேடையில் எந்த இடம் என்று காட்டிவிட்டால் போதும், அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஷெர்லின் மெல்வின்